ஒப்புக்குச் சப்பாணி

ஊருக்கு வந்து நாலு மாதம் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் முற்றத்திலிருந்து என் மகனின் குரல் கேட்டது: "லேய், அது எனக்க பந்தாக்கும்!"

அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். என் பிள்ளைதான். ஆறு வயது. பிறந்ததிலிருந்து மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஐந்தாவது மாடியில் வளர்ந்தவன். அவன் அப்பா மதுரைக்காரர். நானோ இருபது வருடமாகச் சென்னையில் இருந்து என் பேச்சைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருப்பவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மீட்டிங்கில் வாய்தவறி "மனசிலாச்சா" என்று கேட்டுவிட்டேன். "நீங்க மலையாளியா?" என்று நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அன்றோடு அந்தச் சொல்லை மூட்டை கட்டிப் பரணில் போட்டேன்.

ஆக, 'எனக்க பந்தாக்கும்' என்பதை அவன் எங்கள் இருவரிடமிருந்தும் எடுத்திருக்க வழியில்லை. என் அம்மா இருக்கிறாள், சரி. ஆனால் அம்மா யாரையும் 'லேய்' என்று கூப்பிட மாட்டாள். அது ரோட்டுச் சரக்கு.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. எங்களுடையது கன்னியாகுமரி மாவட்டம். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேரும்வரை நாங்கள் திருவிதாங்கூர் ஆட்கள். தண்ணீர் எங்களுக்கு வெள்ளம். 'என்னுடைய' என்பது 'எனக்க'. வாக்கியத்தின் வாலில் ஓர் 'ஆக்கும்' போட்டால் அதில் கொஞ்சம் அழுத்தமும் நிறைய வீம்பும் சேர்ந்துவிடும். அந்த வீம்பு சரியான இடத்தில் சரியான அளவில் விழ வேண்டும். பிள்ளை அதைக் கனகச்சிதமாகப் போட்டிருந்தான். அதுதான் என்னை நிறுத்தியது.

எங்கள் வீடு இரணியலுக்கும் திங்கள்சந்தைக்கும் இடையில் ஒரு விளையில் இருக்கிறது. நாஞ்சில்நாட்டுப் பக்கம் தெருத்தெருவாக வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். மேற்கே வரவர அப்படி இல்லை. ஒவ்வொரு வீடும் தன் தென்னையும் வாழையும் பலாவும் சூழத் தனித்தனி விளைக்குள் உட்கார்ந்திருக்கும். வாசலில் கதவைத் திறந்தால் எதிர்வீட்டுப் பிள்ளை நிற்கும் ஊர் இல்லை இது. பிள்ளைகள் சேர வேண்டுமென்றால் எங்காவது போய்த்தான் சேர வேண்டும். எங்கள் காலத்தில் வேலி இருந்தது, வேலியில் ஒரு பிள்ளை நுழையும் அளவுக்கு ஓட்டையும் இருந்தது. அதில் போய், அடுத்த விளையில் வெளிவந்து, அங்கிருந்து இன்னொன்று. அப்புறம் கல்ஃப் பணம் வந்தது, காம்பவுண்டுச் சுவர் வந்தது, சுவரில் கண்ணாடிச் சில்லும் வந்தது. வீட்டுக்கு ஐந்தாறு பிள்ளைகள் என்பது இரண்டாகி ஒன்றாகியும் விட்டது. இப்போது எங்கள் வட்டாரத்தில் விளையாடும் பிள்ளைகள் மொத்தமே ஏழு பேர். ஸ்கூல் வேன் வந்து இறக்கிவிட்டு, டியூஷன் முடிந்து, ஐந்தரையிலிருந்து வெளிச்சம் இருக்கும்வரை கிடைப்பதுதான் அவர்கள் நேரம். இடம், எங்கள் வீட்டுக்கும் பக்கத்து விளைக்கும் நடுவில் கிடக்கும் ஒரு செம்மண் திட்டு.

வந்த புதிதில் என் மகன் அங்கே போகவே இல்லை. படிப்புரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பான். முதல் வாரம் நானும் அம்மாவைப்போல "போ மக்களே, போய் வெளயாடு" என்று தள்ளிப் பார்த்தேன். நகரவில்லை. பயந்துவிட்டேன். மாடி வீட்டில் ஒற்றைப் பிள்ளையாக, அதுவும் நாங்கள் நாற்பதை நெருங்கும்போது பிறந்தவனாக வளர்த்துப் பிள்ளைக்கு மனிதர்களோடு பழகவே தெரியாமல் செய்துவிட்டோமோ என்று இரவெல்லாம் செல்போனில் தேடித் தேடிப் படித்தேன். அப்படிப் படித்ததில் கொஞ்சம் ஆறுதல் தந்தவர் மில்ட்ரட் பார்ட்டன். மினசோட்டாவில் ஒரு மழலையர் பள்ளியில் பிள்ளைகள் விளையாடுவதைக் கவனித்து 1932இல் எழுதியவர். தனியாக விளையாடுவது, பக்கத்தில் உட்கார்ந்து தன்பாட்டுக்கு விளையாடுவது, சேர்ந்து விளையாடுவது என்று அவர் வகைபிரித்ததில் 'வேடிக்கை பார்ப்பது' என்பதும் ஒரு தனி வகை. சும்மா பராக்குப் பார்ப்பது வேறு, இது வேறு. இந்தப் பிள்ளை குறிப்பிட்ட பிள்ளைகளைத்தான் பார்க்கும். அவர்கள் ஆடுவதைக் கவனிக்கும், சில சமயம் பேசும், கேள்வி கேட்கும், ஆனால் உள்ளே இறங்காது.

சரி, நம் பிள்ளை பாடம் படித்துக்கொண்டிருக்கிறான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவர் பார்த்தது இரண்டிலிருந்து ஐந்து வயதுவரையான பிள்ளைகளை, என் பிள்ளைக்கு ஆறு என்பதை வசதியாக மறந்துவிட்டேன்.

அவனை உள்ளே இழுத்தது நானும் இல்லை, அம்மாவும் இல்லை. ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். எல்லாருக்கும் அவள் அக்கா. ஆட்டத்தின் சட்டம், நீதிமன்றம், போலீஸ் எல்லாமே அவள்தான். ஒரு நாள் கிளித்தட்டுக்குக் கோடு கிழித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "லேய், நீ வா. நீ ஒப்புக்குச் சப்பாணி."

ஒப்புக்கா உப்புக்கா என்று ஊருக்கு ஊர் சொல்வது மாறும். பொருள் ஒன்றுதான். ஆட்டத்தில் இருக்கிறாய், ஓடலாம், கத்தலாம், பந்தைத் தொடலாம், ஆனால் கணக்கில் இல்லை. நீ அவுட்டானாலும் அவுட் இல்லை. உன்னால் எந்தக் கட்சியும் தோற்காது. அண்ணன்களின் பின்னாலேயே ஓடி வந்து "நானும், நானும்" என்று அழும் சின்னதுகளை வைத்துக்கொண்டு ஆட்டத்தையும் கெடுக்காமல் பிள்ளையையும் அழவிடாமல் இருக்க யாரோ என்றோ கண்டுபிடித்த ஏற்பாடு. பெரியவர்களில் எவரும் இதைச் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. பிள்ளைகளிடமிருந்து பிள்ளைகளுக்கே கைமாறி வருகிறது. பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாக ஆடும் இடத்தில்தான் இதற்கு வேலை. ஆறு வயதுக்காரர்களை மட்டும் இருபது பேராக ஒரு அறையில் போட்டால் அங்கே யாருக்கு யார் சப்பாணி? பிளே ஸ்கூல்களில் இல்லாதது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே சொல்லித்தர ஆள் இருக்கிறது, பார்த்துக் கற்க அக்கா இல்லை.

மூன்று வாரம் சப்பாணியாக ஓடினான். முதலில் அவனுக்கு விஷயமே தெரியாது. தன்னை யாராலும் பிடிக்க முடியவில்லை என்று வீட்டுக்கு வந்து பெருமையடித்தான். அம்மாவும் நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தோம். அப்புறம் எப்படியோ புரிந்துவிட்டது. ஒரு நாள் நடு ஆட்டத்தில் நின்று அழுதான்: "என்னையும் அவுட்டாக்கணும். எனக்கும் அவுட் வேணும்."

தோற்பதற்கு அனுமதி கேட்டு அழும் பிள்ளையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வீட்டில் பாம்பும் ஏணியும் விளையாடும்போது நானும் அவன் அப்பாவும் ஒவ்வொரு முறையும் அவனை ஜெயிக்கவிட்டுத்தான் பழக்கியிருந்தோம். ஒரு கட்டம் தப்பி நாங்கள் ஜெயித்துவிட்டால் பலகை பறக்கும். அந்தப் பிள்ளைதான் இங்கே நின்று அவுட் கேட்கிறான். அக்கா ஒரு நிமிடம் யோசித்தாள். "செரி. ஆனா அவுட்டானா அழப்பிடாது, கேட்டியா?" தலையாட்டினான். இரண்டாவது நிமிடத்தில் அவுட்டானான். அழவில்லை. உதடு மட்டும் கொஞ்சம் நடுங்கியது.

பியாஜே இந்த இடத்தில் இருந்திருந்தால் குறிப்பெடுத்திருப்பார். சுவிட்சர்லாந்துக்காரரான அந்த உளவியலாளர் ஒழுக்க உணர்வு எப்படி வளர்கிறது என்று அறியப் போய் உட்கார்ந்தது கோலி விளையாடும் பிள்ளைகளிடம். தனக்கு ஆட்டம் தெரியாததுபோல நடித்து, சொல்லிக்கொடுக்கச் சொல்லி, இந்த விதியை மாற்றலாமா, இதை யார் உண்டாக்கினார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதைப் பற்றிய புத்தகமும் 1932இல்தான் வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு விதி என்பது பெரியவர்கள் தந்தது, தெய்வம் தந்தது, தொடக்கூடாதது. பத்து, பதினோரு வயதில்தான் எல்லாரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்று தெரிகிறது. தெரிவது எப்படி என்பதற்கு அவர் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது. பெரியவர் சொன்னால் பிள்ளை கேட்கத்தான் முடியும், பேரம் பேச முடியாது. பேரம் பேசச் சமமான ஆள் வேண்டும். எங்கள் செம்மண் திட்டில் ஆட்டத்தைவிடப் பேரம்தான் அதிக நேரம் நடக்கிறது. பந்து சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்தால் யார் எடுப்பது என்பதற்கு ஐந்து நிமிடம் வழக்கு. முன்பெல்லாம் நேரத்தை வீணடிக்கிறார்களே என்று நினைப்பேன்.

பேச்சு மாறிய விஷயத்துக்கு வருகிறேன். அதை ஆராயப் போய்த்தான் ஜூடித் ரிச் ஹாரிஸைப் படித்தேன். இவர் கதையே தனி. 1960இல் ஹார்வர்டின் உளவியல் துறை இவரை முனைவர் படிப்பிலிருந்து அனுப்பிவிட்டது. கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் ஜார்ஜ் மில்லர் என்ற பெரிய பேராசிரியர். பிறகு உடல்நலமும் சரியில்லாமல் வீட்டிலிருந்தபடியே குழந்தை வளர்ச்சி பற்றிப் பாடப்புத்தகம் எழுதினார். எழுத எழுத, தான் எழுதுவதிலேயே அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. 1995இல் ஒரு நீண்ட கட்டுரை போட்டார். பிள்ளையின் குணத்தை நிரந்தரமாக வடிப்பதில் பெற்றோர் வளர்ப்புக்கு நாம் நினைக்கும் இடம் கிடையாது, வெளியே சேரும் கூட்டத்துக்குத்தான் அந்த இடம் என்று. அந்தக் கட்டுரைக்கு அமெரிக்க உளவியல் சங்கம் ஒரு விருது கொடுத்தது. விருதின் பெயர், ஜார்ஜ் மில்லர் விருது.

அவர் காட்டிய சாட்சிகளில் ஒன்று பேச்சு. மாணவியாக இருந்தபோது ஒரு ரஷ்யக் குடும்பத்தின் வீட்டில் வாடகைக்கு இருந்திருக்கிறார். அப்பா அம்மாவின் ஆங்கிலத்தில் ரஷ்ய வாடை. பிள்ளைகளின் ஆங்கிலத்தில் அது துளியும் இல்லை. தெருப் பிள்ளைகள் பேசுவதுபோலவே பேசினார்கள். குடியேறியவர்கள் வீட்டில் எங்கும் நடப்பதுதான் இது. பிள்ளைக்குத் தன் அப்பா அம்மா மாதிரி ஆக வேண்டிய அவசரம் இல்லை, தன் கூட்டத்தில் ஒருவனாக வேண்டிய அவசரம்தான் இருக்கிறது. 'பந்தாக்கும்' என்பது என் மகனின் குடியுரிமைச் சான்றிதழ்.

ஆனால் ஹாரிஸை நான் முழுதாக ஏற்கவில்லை. துறையிலும் பலர் ஏற்கவில்லை. பெற்றோரின் அணுகுமுறையைப் பயிற்சி கொடுத்து மாற்றினால் பிள்ளையின் நடத்தையும் மாறுகிறதே, அதை என்ன சொல்வது என்று கேட்டார்கள். என் கேள்வி இன்னும் எளியது. குடும்பம் என்று யாரைச் சொல்கிறோம்? அப்பா, அம்மா, இரண்டு பிள்ளை, ஒரு நாய் என்ற படத்தை வைத்துக்கொண்டு எழுதிய ஆராய்ச்சிகள் இவை. இந்த மாவட்டத்திலேயே நாஞ்சில்நாட்டு வேளாளர்களிடம் 1920கள்வரை மருமக்கள்வழி இருந்தது. சொத்து பிள்ளைக்குப் போகாமல் அக்கா தங்கை பிள்ளைகளுக்குப் போகும். தேரூர் கவிமணி அதைக் கிண்டலும் கண்ணீருமாகப் பாடியிருக்கிறார். வீட்டில் அதிகாரம் காரணவரான தாய்மாமனுக்கு. அந்த வீட்டுப் பிள்ளை யார் முகத்தைப் பார்த்து வளர்ந்திருக்கும்? இன்றும் தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிற அப்பாக்கள் வாரக்கணக்கில் கரை திரும்புவதில்லை. கரையில் அம்மாவும் பாட்டியும், சாயங்காலமானால் கால்பந்து மைதானமும். அங்கே குடும்பம் எங்கே முடிகிறது, கூட்டாளிகள் எங்கே தொடங்குகிறார்கள் என்று கோடு கிழிக்க என்னால் முடியாது.

கூட்டாளிகளே குடும்பமாகிவிட்ட ஒரு கதையும் உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்து 1945இல் டெரசின் நாஜி முகாமிலிருந்து ஆறு யூதக் குழந்தைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று, நான்கு வயது. பெற்றோர் கொல்லப்பட்டுவிட்டார்கள். முகாமில் பார்த்துக்கொண்ட பெரியவர்கள் மாறிக்கொண்டே இருந்ததால் இவர்களுக்கு நிலையாக இருந்தது ஒருவருக்கு மற்றவர் மட்டும்தான். அன்னா ஃபிராய்டும் சோஃபி டானும் இவர்களைப் பற்றி 1951இல் எழுதினார்கள். பெரியவர்களிடம் கடிப்பார்கள், துப்புவார்கள், பொம்மைகளை உடைப்பார்கள். தங்களுக்குள் பொறாமையே இல்லை. தான் சாப்பிடுவதைவிடப் பக்கத்துப் பிள்ளைக்குக் கிடைத்ததா என்பதே அவர்களுக்குப் பெரிது. ஒருவரைப் பிரித்து வெளியே கூட்டிப்போனால் மற்ற ஐவரும் எங்கே எங்கே என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இதைப் படித்த இரவு தூங்க வெகுநேரம் ஆனது.

அப்படியானால் வீடு என்னதான் செய்கிறது? என் பதில், முகம். ஒரு வயதுக் குழந்தைகளை வைத்து 1985இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. ஒரு கண்ணாடி மேசை. பாதித் தூரத்துக்கு மேல் கண்ணாடிக்குக் கீழே பள்ளம் தெரியும், அதிக ஆழமில்லை, குழந்தை யோசிக்கும் அளவு ஆழம். எதிர்ப்பக்கம் அம்மா. குழந்தை தவழ்ந்து வந்து பள்ளத்தின் விளிம்பில் நின்று அம்மாவின் முகத்தைப் பார்க்கும். அம்மா சந்தோஷமாக முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 தாண்டி வந்தன. பயந்த முகம் காட்டியபோது 17இல் ஒன்றுகூட வரவில்லை. ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது நிபந்தனை. வெறும் முகம்.

எனக்கு அந்தக் கண்ணாடி மேசையைத் தெரியும். எங்கள் வீட்டிலிருந்து மண்டைக்காடு ஆறேழு கிலோமீட்டர். 1982 மார்ச்சில் கோயில் கொடைச் சமயத்தில் அங்கே தொடங்கிய இந்து–கிறிஸ்தவக் கலவரமும் துப்பாக்கிச் சூடும் நடந்தபோது எனக்கு மூன்று வயது. ஒன்றும் நினைவில்லை. நினைவில் இருப்பது அதற்கு ஐந்தாறு வருடம் கழித்து. என்னோடு கொல்லாங்கொட்டை, அதாவது முந்திரிக்கொட்டை, அடித்து விளையாடும் சர்ச் பக்கத்துப் பெண்பிள்ளை ஒருத்தி வெள்ளம் குடிக்க எங்கள் கிணற்றடிக்கு வருவாள். மாமி ஒன்றும் சொல்ல மாட்டாள். செம்பை எடுத்துக் கொடுக்கவும் செய்வாள். ஆனால் அந்த நேரத்தில் மாமியின் முகம் ஒரு மாதிரி இறுகும். 'அவளோடு சேராதே' என்று எங்கள் வீட்டில் யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. ஏழாம் வகுப்பு வரும்போது நாங்கள் சேர்ந்திருக்கவில்லை, அவ்வளவுதான். அவள் வீட்டுக் கிணற்றடியிலும் ஒரு மாமி இருந்திருப்பாள்.

இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

பந்துச் சண்டையில் பக்கத்து விளைப் பையன் என் மகனைத் தள்ளிவிட்டான். முழங்கால் சிராய்ந்து ரத்தம். பையனுக்கு எட்டு வயது, அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், அதுவரை எங்களுக்குள் ஒரு குறையும் கிடையாது. பையனின் அம்மா எனக்கு நாலைந்து வயது மூத்தவர், எனக்கு அக்கா. மீன்குழம்பு வைத்தால் ஒரு தூக்குப்போணி எங்கள் வீட்டுக்கு வரும். நான் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் கேட்டில் போய் நின்றேன். "பிள்ளைய பாத்து வளக்கணும், அக்கா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "கூட்டத்துல வெளயாடத் தெரியாத பிள்ளைய வீட்டுக்குள்ள வச்சுக்கிடணும்" என்றார். கேட்டை மூடினார்.

திரும்பி நடக்கும்போது மகன் கேட்டான், "அவங்க கெட்டவங்களா அம்மா?"

நான் எதுவும் சொல்லவில்லை. என் முகம் என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் திட்டில் ஆட்டம் இல்லை. மூன்றாவது நாள் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே கட்சி. காய் விட்டிருந்தார்களாம், ஆறாம் வகுப்பு அக்கா இரண்டு பேர் கையையும் பிடித்துப் பழம் விடவைத்தாளாம். முழங்காலில் பொருக்கு இன்னும் காயவில்லை. எனக்கும் பையனின் அம்மாவுக்கும் அப்படிக் கைபிடித்து இழுக்க ஆள் இல்லை. ரேஷன் கடையில் பார்த்தால் அவர் பாமாயில் பாக்கெட்டைப் படிப்பார், நான் செல்போனைப் படிப்பேன். அவருடைய தூக்குப்போணி, சண்டைக்கு முந்தின வாரம் அயிலைக் குழம்போடு வந்தது, மூன்று மாதமாக எங்கள் அடுக்களைத் தட்டில் இருந்தது. நானும் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் காபி போட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா முந்திரிக்கொத்து சுட்டாள். பதினைந்தை எண்ணி அந்தப் போணியில் போட்டு மூடினாள். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்களுக்கில்லை. நான் மகனைக் கூப்பிட்டேன், கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரட்டும் என்று.

"அவனுக்கும் அவங்களுக்கும் ஒரு வழக்கும் இல்லியே பிள்ளே" என்றாள் அம்மா. "நீ கொண்டு போ."

போனேன். மகன் பின்னாலேயே வந்து கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டான். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். போணியை வாங்கி மூடியைத் திறந்து பார்த்தார். மூடினார். கிழக்கே வேளிமலைப் பக்கம் கருத்துக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே, "மழை வருமாக்கும்" என்றார்.

"ஆமாக்கா" என்றேன். "வருமாக்கும்."